பந்திக்கு ஊற்றிய மோர்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று வகுப்பில் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை. திருத்தணியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்தால் அந்தக் கோபம் இரண்டு பங்காகிவிடும். வெயில், தண்ணீர், கரியமில வாயு, அவ்வளவுதானே டீச்சர் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கப் போய்விடுவார்கள். இலை வெயிலை வைத்து உணவு செய்கிறது என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அதே வெயிலிடமிருந்து இலை நாள் முழுக்கத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது என்றால் நான் கதை விடுவதுபோலப் பார்க்கிறார்கள். என் வீட்டு ஆட்களும் அப்படித்தான் பார்த்தார்கள், அக்கா பந்திப்பூ போட்ட அந்தக் கோடை வரைக்கும்.

அக்காவைத் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு கரும்பு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வீட்டில் சிரிப்பு, சண்டை, கனவு எல்லாமே கரும்புதான். வெட்டு உத்தரவு எப்போது வரும், ஆலைக்கு லாரி எப்போது போகும் என்பதைத் தவிர வேறு பேச்சைக் கேட்பது அபூர்வம். அக்கா போன நாளிலிருந்து களை எடுத்தாள், தோகை உரித்தாள், வெட்டுக்கு வரும் ஆட்களுக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்தாள். எந்த மூலையில் என்ன போடலாம் என்று அவளை ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. கெட்ட மனிதர்கள் இல்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா எனக்கு நேர்மாறு. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவாள். அப்படிப்பட்டவள் ஒரு பொங்கல் கழித்து மாமனாரிடம் போய், கிணற்றோரத்து மூலையில் இந்த வருஷம் பூ போடுகிறேன் என்று கேட்டுவிட்டாள்.

"பூவா? பூவுன்னா தெனம் தண்ணி காட்டணும், தெனம் பறிக்கணும். யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன் மாமா."

அவர் கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தாராம். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் திருத்தணி மலைக்குப் பூக்காவடி எடுக்கிற மனிதர் அவர். அந்தப் பூவை மார்க்கெட்டில் வாங்குவதுதான் வழக்கம்.

"சரி. இந்த ஆடிக் கிருத்திகைக்கு என் காவடிக்கு அந்த மூலையிலேர்ந்து பூ வரட்டும். வந்துச்சின்னா அந்த மூலை உன்னுது, இன்னா வேணா போட்டுக்கோ. வரலன்னா மறுபடியும் கரும்புதான். அப்புறம் பூவு கீவுன்னு பேச்சு எடுக்கக்கூடாது."

அக்கா போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. நான் அவளை அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த மூலை எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? பெரிய கல்யாணத்துக்குப் பந்தல் போடும் அளவு. ஆனால் அவள் சொல் செல்லுபடியாகப் போகிற முதல் மண் அது.

செண்டுமல்லி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் பூவை எங்கள் பக்கத்தில் தெலுங்கு வழியாக வந்த பெயரில் பந்தி என்போம். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்காருவதும் பந்திதான், காவடியில் கட்டும் ஆரஞ்சுப் பூவும் பந்திதான். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரண்டு மொழியிலும் பேரம் பேசவும் வரும், திட்டவும் வரும். அதற்கு நடுவில் இருப்பதில்தான் அவ்வப்போது கோளாறு.

விதையை எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் ஒரு கடையில் வாங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, குழித்தட்டில் நாற்று விட்டாள் அக்கா. கோடை லீவு விட்டதும் போய்ப் பார்த்தேன். அகலமான, கரும்பச்சை இலைகள். தொட்டால் வெண்ணெய்போல மெத்தென்று இருந்தன. "எப்படி கீது?" என்று கேட்டுவிட்டு அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிரமாதம் என்றேன். பிரமாதமாகத்தான் இருந்தது. ஆடிக் கிருத்திகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், கத்திரி வெயில் முடிவதற்குள் நட்டே ஆகவேண்டும் என்று வந்தது. நான் திருத்தணிக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் எல்லா நாற்றையும் வயலில் வைத்துவிட்டார்கள்.

சில நாளில் போன் வந்தது. "செடியெல்லாம் வெள்ளையா பூடுச்சுடி" என்றாள். நான் பஸ் பிடித்தேன்.

வயலை அடைவதற்கு முன்பே வாசனை அடித்தது. மூன்று நாள் மூடி வைத்த தயிர்ப்பானையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. வரப்பில் இரண்டு நாய்கள் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. மைனாக்கள் கூட்டமாக வந்திருந்தன. அக்கா வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் வாளியும் சொம்புமாகச் செடி செடியாக ஏதோ ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

"இன்னா பாவா இது?"

"மோரும்மா டீச்சரு. கெட்டி மோரு. ஊரெல்லாம் கேட்டு வாங்கியாந்தேன். ரெண்டு நாளைக்கு ஊத்தணுமாம்."

"யாரு சொன்னது?"

"நகரி கடைக்காரருதான். நான் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து போன் போட்டேன். 'பந்திகி சல்ல பெட்டண்டி'ன்னாரு. பந்திக்கு மோரு போடுங்க. கரெக்டா இல்லியா?"

தெலுங்கில் சல்ல என்றால் மோர். சல்லகா என்றால் குளிர்ச்சியாக, பெட்டண்டி என்றால் வையுங்கள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் ஒரு "கா" காணாமல் போயிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மோருன்னா ஊத்துங்கன்னு சொல்லுவாங்க, பெட்டண்டின்னா சொல்லுவாங்க? செடிக்கா எல போட்டு உக்கார வெச்சிகினு கீறீங்க?" என்று கத்தினேன். பாவா அசரவில்லை. பந்தி என்று வந்துவிட்டால் கடைசியில் மோர் வராமல் இருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து பூச்செடிக்குத் தெளிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இருப்பதால் ஊரிலும் யாரும் சந்தேகப்படவில்லை. மோர் கொடுத்ததோடு சரி.

நான் அங்கேயே கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டதும், "சல்லகா அன்னானண்டி! சல்ல அனலேது!" என்று அந்த மனிதர் அலறினார். குளிர்ச்சியாக என்றேன் ஐயா, மோர் என்று சொல்லவில்லை! அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. பாவா வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மாமனார் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு போனாள். மோரைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் இலை வெள்ளையாகத்தான் இருந்தது. மேல் இலைகள் வெளுத்து, ஓரம் காகிதமாகியிருந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மண்ணைக் கிளறிப் பார்த்தேன், ஈரம் இருந்தது. தண்ணீர்க் குறை இல்லை. ஒரு செடியின் நடுக் குருத்தை விரலால் மெல்லப் பிரித்தேன். உள்ளே அரிசி முனையளவு பச்சை. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். "அக்கா, உயிரு கீது" என்றேன். "இந்த எலை திரும்பாது. உட்டுடு. இனிமே வர்ற எலைதான் நமக்கு."

அப்போதுதான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுவதை முதல்முறையாகக் கேட்க ஆசைப்பட்ட ஒருத்தி எனக்குக் கிடைத்தாள். "வெயில்தானே பூச்செடிக்குச் சோறு, அது எப்பிடிடி சுடும்?" என்றாள். சொன்னேன். கிருத்திகை அன்று மலைமேல் எவ்வளவு கூட்டம் ஏறினாலும் சன்னதிக்குள் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் நிற்க முடியும். மிச்சக் கூட்டத்தை வழியிலேயே பிரித்து அனுப்பாவிட்டால் கதவே பெயர்ந்துவிடும். இலைக்குள்ளும் அதேதான். உச்சி வெயிலில் வந்து விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் அதனால் வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியும். மீதியைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். அந்த வேலையைச் செய்வது இலைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் நிறமிகள். பந்திப்பூவுக்கு நிறம் கொடுப்பவையும் அதே குடும்பம்தான். பச்சையம் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள்கூட வெயில் ஏறும்போது செல்லின் பக்கச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும். அப்படியும் உள்ளே கொஞ்சம் உடையும். உடைந்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டிக்கொண்டே இருக்கும்.

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும். இது மட்டுமில்ல. வெளிச்சத்துலேர்ந்து செடி ரெண்டு விதமான சக்தி எடுத்துக்குது. ரெண்டும் சரியான அளவுல இருந்தாத்தான் மாவுச்சத்து செய்ய முடியும். இட்லி மீந்து சட்னி தீர்ந்துபோச்சின்னா நீ இன்னா பண்ணுவ?"

"சட்னி மட்டும் இன்னொரு வாட்டி அரைப்பேன்."

"அதேதான். எது கொறையுதோ அத மட்டும் செய்யறதுக்கு உள்ள தனியா ஒரு சுத்து ஓடும்."

அக்கா அந்த வெளுத்த இலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இதுக்கு ஏன் ஒண்ணும் தெரியல?"

நிழலிலேயே வளர்ந்ததால்தான். நிழலில் வெளிச்சம் குறைவு என்பதால் அந்த இலை கிடைத்ததையெல்லாம் வாரிப் பிடிக்கும்படி தன்னை அகலமாகச் செய்துகொண்டது. மிஞ்சியதை வெளியே தள்ளும் ஏற்பாடு அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நான் பிரமாதம் என்று பார்த்து வியந்த அந்தக் கரும்பச்சை இதுதான். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டியிருந்தால் பழகியிருக்கும். கத்திரியில் ஒரேயடியாகக் கொண்டுவந்து நிறுத்தியதும் திணறிவிட்டது.

"இப்ப நெழலு குடுக்கணும். அப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்" என்றேன். மாமனார் வேலியைத் தாண்டி வந்தார். "பூச்செடின்னா வெயில்ல நிக்க வாணாமா? நிக்கறது நிக்கட்டும், போறது போவட்டும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்தாள். "நிக்கும் மாமா. பழக்கிட்டு நிறுத்தறேன்" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நிழல்வலை வீட்டுப் பின்கட்டுக்கே சரியாக இருந்தது. வயலுக்கு எங்கே போவது? வழி கண்டுபிடித்தது பாவாதான். மோர் விஷயத்துக்குப் பரிகாரம் என்றே வைத்துக்கொள்ளலாம். அவருடைய தாய்மாமன் வீடு பொதட்டூர்பேட்டையில். வீட்டுக்குள்ளேயே தறி. நூல் அறுந்து கட்டம் தப்பிய லுங்கித் துணி, வெட்டாமல் நீள நீளமாக மூட்டை கட்டிப் போட்டிருந்தார்களாம். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அந்த மூட்டையோடு வந்து இறங்கினார். சவுக்குக் குச்சி நட்டு, வரிசை வரிசையாக லுங்கித் துணியை இழுத்துக் கட்டினோம். சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், ஊதாக் கோடு. காற்றடித்தால் மொத்த மூலையும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் தவழ்ந்து போய் அக்கா களை எடுப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் அவள் கொலுசு மட்டும் தெரியும்.

ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் நீளும். "இன்னாம்மா, வயல்ல தறி போட்டுகினு கீறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் யார் வீட்டில் விசேஷம் என்று விசாரித்தார். பாவா சளைக்காமல் எல்லோருக்கும் பதில் சொன்னார். "பந்தி நடக்குது, மோரு ஊத்தியாச்சு, வந்துட்டுப் போங்க!"

முதலில் காலை இளவெயில் மட்டும். பிறகு சாயங்கால வெயிலும். பிறகு உச்சிப்பொழுதுக்கு மட்டும் துணி. யார் எப்போது கட்டுவது, யார் எப்போது அவிழ்ப்பது என்பதில் எனக்கும் பாவாவுக்கும் தினம் ஒரு சண்டை. அக்கா எங்களைக் கேட்பதை விட்டுவிட்டாள். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் செடியைப் பார்ப்பாள். தானே போய் அவிழ்ப்பாள். புது இலைகள் வந்தன. பழையவற்றைவிடச் சிறியவை, தடித்தவை. மெத்தென்று இல்லை, நறுக்கென்று இருந்தன. ஒரு மத்தியானம், துணியே இல்லாத வெயிலில், என் கண்ணைக்கூட முழுதாகத் திறக்க முடியாத நேரத்தில், அந்தச் சின்ன இலைகள் துவளாமல் நிமிர்ந்து நின்றன. பார்க்க எதுவுமே நடக்காததுபோல இருந்தது. உள்ளே என்னவெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் பாடம் நடத்தி எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அது.

பள்ளிக்கூடம் திறந்ததும் நிழலிலை ஒன்றையும் வெயிலிலை ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டுபோய்க் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. மோர்க் கதையையும் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் வெளுத்த இலைகளோடு கொஞ்சம் நாளும் போயிருந்தது. ஆடி பிறந்தபோது மொட்டு இருந்தது, பூ இல்லை. நுனி கிள்ளினால் கிளை அதிகம் வரும், ஆனால் பூ தள்ளிப்போகும் என்று பாதிச் செடியைக் கிள்ளாமல் விட்டிருந்தாள் அக்கா. மொட்டெல்லாம் பச்சையாக இறுக மூடிக்கொண்டு நின்றன. சாயங்காலம் ஆனால் போன் வரும். "இன்னும் தெறக்கலடி." மறுநாளும் அதே வார்த்தை. கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மொட்டு நுனியில் ஆரஞ்சு எட்டிப்பார்க்கிறது, மாமனார் அதற்குள் பூ விஷயமாக மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் சாக்குச் சொன்னால் மலைப்படியிலேயே நிறுத்தி என்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் முழுப் பேச்சும் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலையில் வந்த போனில் முதலில் வெறும் சிரிப்புச் சத்தம். "வந்து பாரு" என்றாள். போனேன். கிள்ளாமல் விட்ட பாதி முழுக்க ஆரஞ்சு. மற்ற பாதி இன்னும் பச்சை. பாவா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். எல்லோரும் சேர்ந்து பறித்தோம். கூடைகளைப் பார்த்ததும் எனக்குள் கணக்கு ஓடியது. காவடியின் முன்பக்க வளைவுக்குக் காணும். பின்பக்கத்துக்குக் காணாது.

மாமனார் வந்து கூடைக்கு முன்னால் நின்றார். நான் என் பேச்சுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மார்க்கெட்டுலேர்ந்து மிச்சப் பூ வந்துடுமா மாமா?" என்று அக்காவே கேட்டாள்.

"வாணான்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் அவர். "அதுக்குத்தான் போனேன்."

பின்பக்கத்துக்கு வேப்பிலை கட்டினார்கள். அந்தக் காவடியோடு அரோகரா போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் அவர் படியேறியபோது நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். எனக்கு முன்னால் வேப்பிலைதான் தெரிந்தது. ஆனால் மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் எல்லோரும் காவடியை எதிரில் பார்த்தார்கள்; எந்த ஊருப் பூ என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டே ஏறினாள். தயார் செய்து வைத்திருந்த பேச்சு எனக்கு மறந்தே போனது.

மூலையைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். மிச்சச் செடியும் பூத்து ஓய்ந்திருந்தது. எல்லோரும் கிணற்றடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கொல்லையை உழுதுகொண்டு வந்த டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மாமனாரைக் கூப்பிட்டார்.

"இந்த மூலையையும் சேத்து ஓட்டிடட்டுமா? கரும்புதானே?"

மாமனார் சோற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்ன ஏன்யா கேக்கற? நெலத்துக்காரங்க அதோ சாப்புட்டுகினு கீறாங்க. அவங்கள கேளு."

அக்கா எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. வரப்புவரை போய், சோற்றுக் கையாலேயே காட்டினாள்.

"இங்கியே திருப்பிக்கோங்கண்ணா."